சம்மதம் தந்த கணவர்

தொழில்துறையில் உயர்ந்த தமிழ்ப் பெண்ணொருவரைப் பாராட்டும் மேடைகள் கொழும்பில் இன்று அரியனவல்ல. வைத்திய நிபுணராகவோ, பொறியியலாளராகவோ, சட்டத்தரணியாகவோ, பேராசிரியையாகவோ உயர்ந்த ஒருவருக்கு வெள்ளவத்தை மண்டபமொன்றிலே பொன்னாடை போர்த்தப்படுகின்றது, மலர் வெளியிடப்படுகின்றது, வாழ்த்துரைகள் வழங்கப்படுகின்றன. அவ்வாழ்த்துரைகளை ஊன்றிக் கேட்போருக்கு ஓர் உண்மை புலனாகும். அம்மையாரின் கல்வி, உழைப்பு, புலமை என்பன பற்றி நான்கு வசனங்கள் கூறப்பட்டதும் பேச்சு அவருடைய கணவரை நோக்கித் திரும்பிவிடும். மனைவியை மேற்படிப்புக்கு அனுப்பிய பெருந்தன்மை, இரவுக் கடமைக்குச் செல்லச் சம்மதித்த விசால மனம், வீட்டுக்கு வரும் விருந்தினருக்குத் தாமே தேநீர் ஊற்றிக் கொடுத்த எளிமை என்று அவருடைய நற்குணங்கள் அடுக்கப்படும். முடிவில், சமத்துவமான இல்லறத்துக்கு இத்தம்பதியர் எடுத்துக்காட்டு என்று கூறிக் கைதட்டலுடன் பேச்சாளர் அமர்வார்.

இப்பாராட்டு தன்னைத் தானே மறுக்கின்றது. சமமான இருவருள் ஒருவர் மற்றவருக்குச் சம்மதம் வழங்குவது எங்ஙனம்? சம்மதம் கொடுப்பவனிடம் அதனை மறுக்கும் அதிகாரமும் உண்டு. மறுக்கும் அதிகாரம் ஒருவனிடத்து இருக்கையில், அவன் அதனைப் பயன்படுத்தாமல் விட்டமை தயவு ஆகலாம், சமத்துவம் ஆகாது. கணவர் சத்திரசிகிச்சை நிபுணராகும்பொருட்டு வெளிநாடு சென்றபோது மனைவி சம்மதம் தந்தாள் என்று எந்த மேடையிலாவது அவள் போற்றப்பட்டதுண்டா? அவளுடைய சம்மதம் கேட்கப்படவேண்டிய ஒன்று என்று எவரும் கருதியதில்லை. ஆதலால் அதனைப் பாராட்டவேண்டிய தேவையும் எழுந்ததில்லை. ஒரு பக்கத்துக்கு மாத்திரம் உரிய இந்தச் ‘சம்மதம்’ என்னும் சொல்லே தமிழ்ச் சமூகத்தின் சமத்துவப் பேச்சு எவ்வளவு போலியானது என்பதற்குச் சான்றாகும். அச்சொல் மேடையில் மட்டும் வாழவில்லை. சட்டப் புத்தகத்திலும் வாழ்கின்றது.

இதனை ஆராய்வதற்கு ஏற்ற உதாரணம் கொழும்பின் வரலாற்றிலேயே உண்டு. கொட்டாஞ்சேனையையும் துறைமுகத்தை அடுத்த பகுதிகளையும் உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியை 1932 ஆம் ஆண்டு முதல் 1941 ஆம் ஆண்டு வரை அரசாங்க சபையிலே பிரதிநிதித்துவம் செய்தவர் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி. தமிழ்ப் பெண்களின் முன்னேற்றம் பற்றிப் பேசுவோர் பலருக்கு இப்பெயர் தெரியாது. தெரிந்த சிலரும் அவரை டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் மனைவி என்றே அறிவர்.

அவர் சபைக்குள் நுழைந்த காலத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931 இல் இலங்கையில் 21 வயதடைந்த ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். அவ்வுரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1927 இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் தோன்றி அதற்காக வாதாடினர். அதனை எதிர்த்தோருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய அதே பெருமகன், பெண்கள் வாக்களிப்பதை ஏற்கவில்லை. இதில் முரண்பாடு காண்போர் உளர். உண்மையில் முரண்பாடு எதுவுமில்லை. பெண் கற்கலாம், ஆனால் தீர்மானிக்கலாகாது என்பதே அக்காலத்து மேட்டுக்குடிச் சீர்திருத்தத்தின் எல்லை. கற்ற மனைவி இல்லத்துக்கு அணி; தீர்மானிக்கும் மனைவி இல்லத்துக்கு இடர். இன்றைய வாழ்த்துரைகள் அவ்வெல்லையைத் தாண்டிவிட்டனவா என்பதே வினா.

1931 ஆம் ஆண்டுத் தேர்தலில் கொழும்பு வடக்கில் வெற்றி பெற்றவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. தேர்தல் மனுவொன்றின் விளைவாக அவர் ஆசனத்தை இழந்தார். அதனைத் தொடர்ந்து 1932 மே மாதம் நடைபெற்ற இடைத்தேர்தலில் அவருடைய மனைவி போட்டியிட்டு வென்றார். இலங்கையின் அரசாங்க சபைக்குத் தெரிவான இரண்டாவது பெண் அவரே. அப்பொழுது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. இளைஞர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பினால் அங்கு தேர்தல் நடைபெறவில்லை. 1934 இலேயே அவை நிரப்பப்பட்டன. குடாநாட்டின் குரல் சபையில் ஒலிக்காத அவ்விரு ஆண்டுகளிலும், பல இனத்தவரும் பல மதத்தவரும் வாழ்ந்த தலைநகர்த் தொகுதியொன்றின் பிரதிநிதியாகத் தமிழ்ப் பெண் ஒருவர் அமர்ந்திருந்தார். தமிழர் அரசியல் வரலாற்றை எழுதுவோர் பகிஷ்கரிப்புக்குப் பல பக்கங்களை ஒதுக்குகின்றனர். நேசம் சரவணமுத்துவுக்கு அடிக்குறிப்பாவது கிடைத்தால் அது பெரும் பேறு.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். கணவன் இழந்த ஆசனத்தைக் காத்து வைப்பதற்காக மனைவி நிறுத்தப்பட்டாள். இதில் சமத்துவம் எங்கே என்பர். இத்தடையைப் புறந்தள்ளிவிட முடியாது. சபையின் முதலாவது பெண் உறுப்பினரான அடலின் மொலமூறேயும் தம் தந்தையார் மறைந்ததனால் வெறுமையான ருவான்வெல்லைத் தொகுதியிலேயே 1931 இல் தெரிவானார். உலகின் முதற் பெண் பிரதமர் என்னும் பெருமையை 1960 இல் இலங்கைக்குத் தேடித்தந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கொலையுண்ட கணவரின் இடத்துக்கே வந்தார். தந்தையின் வாயிலாலோ கணவரின் வாயிலாலோ அன்றித் தெற்காசியப் பெண் அரசியலுக்குள் நுழைதல் அரிதாக இருந்தமை மறுக்கவியலாத உண்மை.

ஆயினும் நுழைந்த வாயில் ஒன்று. நுழைந்தபின் நின்ற நிலை வேறொன்று. இடைக்கால ஏற்பாடு ஒன்று ஒன்பது ஆண்டுகள் நீடிப்பதில்லை. 1936 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கொழும்பு வடக்கு மக்கள் நேசம் சரவணமுத்துவை மீண்டும் தெரிவு செய்தனர். அப்போது அவர்கள் வாக்களித்தது நான்காண்டுகள் தாம் கண்டறிந்த ஓர் உறுப்பினருக்கு. 1937 இல் கணவர் கொழும்பு மாநகரத்தின் மேயரானார்; மாநகர சபையினராலேயே தெரிவு செய்யப்பட்ட முதலாவது மேயர் அவரே. கணவருக்கு உயர்பதவி கிட்டியதும் மனைவி சபையை விட்டு அடுக்களைக்குத் திரும்பவில்லை. நகரத்தின் முதல்வர் கணவர். நாட்டின் சட்டமியற்றும் சபையில் உறுப்பினர் மனைவி. 1941 இல் மறையும்வரை அவர் கொழும்பு வடக்கின் பிரதிநிதியாகவே இருந்தார். அவர்களுடைய இல்லத்துள் எட்டிப் பார்த்து யார் யாருக்குத் தேநீர் ஊற்றினார் என்று ஆராயவேண்டியதில்லை. ஐந்தாண்டுகள் மனைவி சபைக்குள்ளும் கணவர் சபைக்கு வெளியேயும் இருந்தனர். அதனால் அவருடைய ஆண்மைக்கு இழுக்கு நேர்ந்ததாகக் கொழும்பு வாக்காளர் கருதவில்லை. பின்னர் இருவரும் ஒரே காலத்தில் பொதுப்பதவி வகித்தனர். பொதுவாழ்வில் சமத்துவத்தை அளப்பதற்கு இதனிலும் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

இதே நகரத்தில் இன்னுமொரு தம்பதியர் இருந்தனர். கனடாவிற் பிறந்து ரொறன்ரோவில் மருத்துவம் கற்ற மேரி, எஸ். சி. கே. இரத்தினம் என்னும் தமிழரை 1896 இல் மணந்தார். மருத்துவ மிஷனரியாக யாழ்ப்பாணத்திற் பணியாற்ற வந்த ஒரு வெள்ளைப் பெண் தமிழரொருவரை மணந்தமையை அமெரிக்க மிஷன் பொறுக்கவில்லை. அவருடைய சேவையை ஏற்க மறுத்தது. டாக்டர் மேரி இரத்தினம் கொழும்பிலே பெண்களுக்கு மருத்துவம் செய்தார். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடக்கியவருள் ஒருவரானார். 1930 இல் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணாகி, தொழில்நுட்பக் காரணமொன்றினால் அவ்வாசனத்தை இழந்தார். 1958 இல் மக்சேசே விருது பெற்றார். அவருடைய கணவர் கல்வித்துறையிலே தமக்கெனப் பணிகளைக் கொண்டிருந்தவர். இருவருள் எவரும் மற்றவரின் நிழலில் ஒதுங்கியிருந்ததாக வரலாறு கூறவில்லை. மிஷனின் மறுப்பையும் மீறி நிலைத்த இத்திருமணத்துக்கு எவருடைய சம்மதப் பத்திரமும் தேவைப்படவில்லை.

இவ்விரு உதாரணங்களும் 80 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அதன்பின் தமிழ்ப் பெண்கள் நெடுந்தூரம் வந்துவிட்டனர். 1933 இல், நேசம் சரவணமுத்து சபையில் இருந்த காலத்திலேயே, பெண்கள் சட்டத்தொழில் புரிவதற்கு இருந்த தடை கட்டளைச் சட்டமொன்றினால் நீக்கப்பட்டது. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவரைவிட மாணவிகளே தொகையிற் கூடியவர்கள். ஆனால் நாட்டின் உழைக்கும் வயதுப் பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். விரிவுரை மண்டபத்தை நிரப்பிய பெண்கள் அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் எங்கே மறைந்தனர்? அவ்வழியில் ஒரு திருமணம் இருக்கின்றது என்பதே விடையின் பெரும்பகுதி.

அத்திருமணம் பற்றிச் சட்டம் கூறுவதைக் கேட்டல் வேண்டும். வடமாகாணத் தமிழருக்குரிய ஆட்சட்டம் தேசவழமை. 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க, யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, மணமான பெண்ணுக்குச் சொந்தமான ஆதனம் அவளுடைய தனி ஆதனமே என்று முதலில் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொள்கின்றது. பின்னர் ஒரு நிபந்தனையை இடுகின்றது: அசையும் ஆதனத்தை அவள் தன் விருப்பப்படி கையளிக்கலாம், அசையா ஆதனமாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வாழ்த்துரையில் மலர்போலத் தூவப்பட்ட அதே சொல், இங்கே பிரசித்த நொத்தாரிசின் மேசையில் விலங்காகி நிற்கின்றது. கணவன் தன் தனி ஆதனத்தை விற்பதற்கு மனைவியின் சம்மதத்தைச் சட்டம் வேண்டுவதில்லை.

இதன் பொருளை நடைமுறையில் வைத்துப் பார்த்தல் நன்று. இதய சத்திரசிகிச்சை செய்யும் கை, தாய்வழி முதுசமாக வந்த இரண்டு பரப்புக் காணியின் உறுதியில் தனித்துக் கையொப்பமிட முடியாது. காணி வழக்குகளில் பிறருக்காக வாதாடும் சட்டத்தரணி, தன் சீதன வீட்டை விற்கவேண்டின் கணவனின் கையொப்பத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். வெள்ளவத்தையிற் குடியேறியமையால் மாத்திரம் வடமாகாணத் தமிழர் இச்சட்டத்தினின்று நீங்கிவிடுவதில்லை. கொழும்பில் உள்ள தொடர்மாடி வீட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் அதே மருத்துவமனையில் அருகருகே பணியாற்றும் மலையகத் தமிழ் வைத்தியருக்கோ, கொழும்புச் செட்டி வைத்தியருக்கோ, கரைநாட்டுச் சிங்கள வைத்தியருக்கோ இத்தடை இல்லை. பொதுச்சட்டத்துக்கு உட்பட்ட மனைவியர் 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தினால் விடுதலை பெற்றுவிட்டனர். யாழ்ப்பாணத்துப் பெண்ணை அச்சட்டம் வாயிலிலேயே நிறுத்திவிட்டது.

இன்னும் ஒன்று. தேசவழமைக்கு உட்பட்ட பெண், உட்படாத ஒருவனை மணந்தால் அத்திருமணம் நிலைக்கும்வரை அவள் அதற்கு உட்பட்டவள் அல்லள். உட்படாத பெண், உட்பட்டவனை மணந்தால் அவளும் அதற்குள் வந்துவிடுகின்றாள். இதனைக் கூறுவது அதே சட்டத்தின் 3 ஆம் பிரிவு. பெண்ணுக்கு எந்தச் சட்டம் உரியது என்பதைக்கூட அவளுடைய பிறப்போ விருப்போ தீர்மானிப்பதில்லை, கணவனே தீர்மானிக்கின்றான்.

இச்சட்டத்தைப் பாதுகாப்போர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர்.

முதலாவது, சம்மதம் வெறும் சம்பிரதாயம். எந்தக் கணவனும் மறுப்பதில்லை என்பது. சம்பிரதாயமாயின் அதனை நீக்குவதில் எவருக்கு நட்டம்? இணக்கமான இல்லறத்தில் அது சம்பிரதாயமாக இருக்கலாம். இணக்கம் முறியும் நாளில் அதுவே ஆயுதம். கணவன் கைவிட்டாலோ, இருப்பிடம் தெரியாது போனாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம் என்று 8 ஆம் பிரிவு வழி காட்டுகின்றது. போரினால் கணவர் காணாமற்போன பெண்கள் ஆயிரக்கணக்கில் வாழும் மண்ணிலே இவ்வழியின் பொருள் யாது? கணவன் உயிருடன் இருக்கின்றானா என்று அரசிடம் கேட்டு அலையும் பெண், தன் சொந்தக் காணியை விற்பதற்கும் நீதிமன்றப் படி ஏறவேண்டும் என்பதே.

இரண்டாவது, இது பெண்ணின் சீதனத்தைப் பாதுகாக்கும் ஏற்பாடு என்பது. எவரிடமிருந்து பாதுகாப்பு? சீதனத்தை விற்கும்படி மனைவியை வற்புறுத்துவோருள் முன்னிற்பவன் பெரும்பாலும் கணவனே. அவனையே காவலனாக நியமிப்பது எவ்வகைப் பாதுகாப்பு என்பதை இவ்வாதம் புரிவோர் விளக்கியதில்லை.

மூன்றாவது வாதம் வலிமை வாய்ந்தது. தேசவழமை தமிழரின் அடையாளம். பெரும்பான்மை ஆட்சியின் கீழ் வாழும் இனம் தன் சட்டத்தில் கை வைக்கும்படி தானே கேட்பது தற்கொலைக்கு ஒப்பாகும் என்பர். இவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. அதனை ஏளனம் செய்தல் தகாது. எனினும் வரலாறு கூறுவது வேறு. தேசவழமையை 1706 - 1707 காலப்பகுதியிலே எழுத்தில் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி. அதற்குச் சட்ட வலு அளித்தது 1806 ஆம் ஆண்டின் பிரித்தானிய ஒழுங்குவிதி. 1911 இலும் 1947 இலும் அது மாற்றப்பட்டது. அந்நியர் தொகுத்து, அந்நியர் வலுவளித்து, இருமுறை திருத்தியும் தமிழரின் அடையாளம் அழியவில்லையாயின், பெண்ணின் கையிலுள்ள விலங்கைக் கழற்றும்போது மாத்திரம் அது அழிந்துவிடுமா? தேசவழமையிலே பேணத்தக்க கூறு உண்டு. திருமண காலத்தில் இருவரும் ஈட்டிய தேடியதேட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சமபங்கு என்பது அது. ஊதியம் பெறாத மனைவியின் உழைப்புக்கும் பங்குண்டு என்று ஏற்ற இக்கோட்பாடு, பல மேலைநாட்டுச் சட்டங்கள் பின்னரே கண்ட ஒன்று. ஆனால் பங்கைச் சமமாக்கியவர்கள் நிர்வாகத்தைக் கணவனிடமே விட்டனர். மரபின் பெயரால் பேசுவோர் பாதுகாக்கவேண்டியது தேடியதேட்டத்தின் நீதியை. அவர்கள் பாதுகாப்பதோ 6 ஆம் பிரிவின் அநீதியை.

சட்டத்தைத் திருத்தினால் யாவும் சீராகும் என்பதுமன்று. வெள்ளவத்தையின் திருமணச் சந்தை சட்டத்துக்கும் முந்திச் செல்கின்றது. ஞாயிறுப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவை விளம்பரங்கள் பெண்ணின் பட்டத்தைக் காணி, வீடு, நகை என்பவற்றோடு ஒரே வரிசையில் வைக்கின்றன. வைத்தியராகிய மணமகளுக்குச் சீதனம் குறையும் என்று பெற்றோர் நம்பினர்; குறையவில்லை. அவளுடைய மாத வருமானமும் சீதனத்தோடு சேர்ந்துகொண்டது. இவ்வாறு வாங்கப்பட்ட வீட்டிற் குடியேறிய பின்னர் கணவன் காட்டும் தாராளத்தைச் சமத்துவம் என அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

சமத்துவத் தம்பதியரைப் போற்றுவோர் பார்க்க மறுக்கும் மற்றொரு காட்சி அவர்களுடைய சமையலறையில் உண்டு. கணவனும் மனைவியும் காலையில் ஒருங்கே அலுவலகம் செல்கின்றனர். மாலையில் ஒருங்கே மீள்கின்றனர். வீட்டு வேலை பற்றி அவர்களிடையே பிணக்கு இல்லை. ஏனெனில் அவ்வேலையை இருவரும் செய்வதில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒரு மலையகப் பெண் செய்கின்றாள். கணவன் கைவிடவேண்டிய வசதி எதையும் அவன் கைவிடவில்லை. மனைவி இறக்கிய சுமை இன்னொரு பெண்ணின் தலைக்கு மாறியிருக்கின்றது. நேசம் சரவணமுத்துவின் காலத்து மேட்டுக்குடிக்கும் இக்குறை பொருந்தும். செல்வமும் ஆங்கிலக் கல்வியும் வீட்டுப் பணியாளரும் இன்றி அப்பெண்கள் பொதுவாழ்வுக்கு வந்திருத்தல் கடினம். அதனால் அவர்களுடைய சாதனை பொய்யாகிவிடாது. ஆயினும் ஒரு வர்க்கத்தின் வசதியை ஓர் இனத்தின் முன்னேற்றம் என்று கணக்கிடுதல் தவறு. பணிப்பெண்ணின் ஊதியமும் ஓய்வும் பேசப்படாத வீட்டிலே கணவன் மனைவி சமத்துவம் அரைக்கணக்கே.

பாராட்டு வேண்டாம் என்பது இங்கு கூறப்படவில்லை. உழைத்து உயர்ந்த பெண்ணைச் சமூகம் போற்றுதல் முறையே. அவளுடைய உயர்வைக் கணவனின் கொடையாக மாற்றும் பாராட்டே மறுக்கப்படவேண்டியது. நல்ல கணவன் வாய்த்தமையால் அவள் உயர்ந்தாள் என்று கூறும்போது, நல்ல கணவன் வாய்க்காதவளின் தாழ்வுக்கு விதியே காரணம் என்பதும் சொல்லாமற் சொல்லப்படுகின்றது. குணத்தை நம்பியிருக்கும் உரிமை, குணம் மாறும் நாளிலே மறையும். நல்லவனை மணந்தவளுக்கும் தீயவனை மணந்தவளுக்கும் எவரையும் மணவாதவளுக்கும் ஒரே அளவாக இருப்பதே உரிமை.

ஆகவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சமூகத்தின் முன் தெளிவான கடமையொன்று உண்டு. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6 ஆம் பிரிவிலிருந்து கணவனின் சம்மதம் நீக்கப்படல் வேண்டும். தேடியதேட்டத்தின் நிர்வாகம் இருவருக்கும் உரியதாதல் வேண்டும். எச்சட்டத்துக்கு உட்படுவது என்பதைத் திருமணத்தின்போது பெண்ணும் தெரிவு செய்தல் வேண்டும். இக்கோரிக்கைகள் கொழும்பிலிருந்து எவரோ திணிப்பதற்கு முன் தமிழரிடமிருந்தே, அதிலும் இச்சட்டத்தைக் கற்ற தமிழ் மாணவ மாணவியரிடமிருந்தே எழுதல் நன்று. சட்டபீடத்தினர் திருத்த வரைவை எழுதலாம்; கலைப்பீடத்தினர் கொட்டாஞ்சேனையின் மறக்கப்பட்ட பிரதிநிதியின் வரலாற்றை எழுதலாம். 1932 இல் கொழும்பு வடக்கின் வாக்காளர் ஒரு பெண்ணுக்கு வாக்களித்துச் சபைக்கு அனுப்பியபோது எவருடைய எழுத்து மூலமான சம்மதத்தையும் கேட்கவில்லை. அவ்வாக்காளருக்கு இருந்த தெளிவு பட்டம் பெற்றோருக்கும் இருத்தல் வேண்டும்.